பிரதான பாடச் சராசரி

கல்லூரியில் மூன்றாண்டோ நான்காண்டோ பயின்ற கல்வியனைத்தையும் ஓர் எண்ணுக்குள் அடக்குதல் கூடுமோ என்று வினவினால், கூடாது என்பதே அறிவுடையோர் விடையாகும். ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சர்வகலாசாலைகளில் மேற்பட்டப் படிப்பை விழைந்து விண்ணப்பஞ் செய்யும் ஒருவர், தம் பெயரும் பயின்ற கல்லூரியும் எழுதி முடித்தவுடனே அத்தகைய எண்கள் சிலவற்றை எழுத வேண்டியவராகின்றார். அவற்றுள் ஒன்று, கற்ற பாடங்கள் எல்லாவற்றிற்குமான தரப்புள்ளிச் சராசரி, இதனை ஜி.பி.ஏ. எனச் சுருக்கி வழங்குவர். மற்றொன்று, மேஜர் என நாம் வழங்கும் பிரதான பாடத்திற்கு மட்டும் உரிய சராசரி. இவ்விரண்டாம் எண்ணை எல்லாச் சர்வகலாசாலைகளும் கேட்பதில்லை, கேட்பன பலவுள. முன்னதைக் கல்லூரியே கணக்கிட்டு மதிப்பெண் பத்திரத்தில் அச்சிட்டு விடுகின்றது. பின்னதை அச்சிடாத கல்லூரிகள் பல ஆதலின், விண்ணப்பதாரியே அதனைக் கணக்கிட்டு எழுதல் வேண்டும்.

கூட்டலும் பெருக்கலும் வகுத்தலும் அறிந்த சிறாருக்கும் இக்கணக்கு எளிதே. ஐயம் பிறப்பது கணக்கிலன்று. எவ்வெப் பாடங்களை அதிற் சேர்ப்பது, எவற்றை விடுப்பது என்னும் தெரிவில்தான். அத்தெரிவு விண்ணப்பதாரியின் கையில் விடப்பட்டிருப்பதால், அவர்தம் நேர்மையும் அங்கே சோதிக்கப்படுகின்றது. ஆகலின் இவ்வெண் வேண்டப்பட்டமைக்குக் காரணம் யாது, அதனைக் காணும் முறை யாது, அதில் வழுக்குமிடங்கள் யாவை என்பவற்றை நம் மாணாக்கருக்கு ஒருவாறு விளக்க முற்படுகின்றோம்.

இவ்வழக்கம் தோன்றிய வரலாறு

நம் நாட்டில் ஒரு சர்வகலாசாலையைச் சார்ந்த கல்லூரிகள் பலவற்றின் மாணாக்கரும் ஒரே வினாத்தாளுக்கு விடையெழுதி, ஒரே கோலால் அளக்கப்படும் வழக்கம் நெடுநாளாக உள்ளது. அமெரிக்கக் கல்லூரிகளில் நிலைமை வேறு. ஒரு பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியரே அதற்குரிய தரத்தையும் அளிக்கின்றார். ஆகவே தரங்களைக் குறிக்கும் முறையும் ஒவ்வொரு கல்லூரியிலும் தனித்தனியே வளர்ந்து வந்தது. 1785-ஆம் ஆண்டில் யேல் கல்லூரித் தலைவராயிருந்த எஸ்ரா ஸ்டைல்ஸ் என்பார், 58 மாணாக்கரைத் தேர்ந்து நான்கு வகுப்பாகப் பிரித்தமையைத் தம் நாட்குறிப்பில் இலத்தீன் சொற்களால் குறித்து வைத்தார். மாணாக்கரை அந்நாட்டில் தரம் பிரித்தமைக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளுள் அஃது ஒன்றாகும். 1897-இல் மவுண்ட் ஹோலியோக் என்னும் மகளிர் கல்லூரி ஆங்கில எழுத்துகளைத் தரக்குறிகளாக ஏற்று, 95 முதல் 100 வரை பெற்றார்க்கு ஏ என்றும், 85 முதல் 94 வரை பெற்றார்க்கு பி என்றும், இவ்வாறே மற்றையவற்றையும் வரையறுத்தது. இந்நாளில் நாம் காணும் எழுத்துத் தரம் இவ்வழியில் வந்ததே.

இதற்கிடையே மற்றொரு மாறுதலும் நேர்ந்தது. 1869 முதல் 1909 வரை ஹார்வர்டின் தலைவராயிருந்த சார்லஸ் எலியட், மாணாக்கர் தாம் விரும்பிய பாடங்களைத் தாமே தெரிந்தெடுக்கும் முறையைப் பெரிதும் வளர்த்தார். அதனால் ஒரே ஆண்டில் பட்டம் பெறும் இருவர் வெவ்வேறு பாடங்களைக் கற்றவராயினர். அவருக்குப் பின் 1909-இல் தலைமை ஏற்ற லாரன்ஸ் லவல், தெரிவு முழுவதும் கட்டவிழ்ந்து போதலாகாதெனக் கருதி, ஒவ்வொருவரும் ஒரு துறையில் ஆழ்ந்தும் பிற துறைகளில் பரந்தும் கற்றல் வேண்டும் என்னும் ஒழுங்கை ஏற்படுத்தினார். ஆழ்ந்து கற்கும் அத்துறையே அந்நாட்டில் பரவலாக மேஜர் எனப்படுவது.

பாடங்கள் பலவானால் அவற்றின் பளுவை அளக்கவும் ஓர் அளவை வேண்டுமன்றோ? கல்லூரி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம் அளிக்கும் பொருட்டு ஆண்ட்ரூ கார்னெகி என்னும் செல்வர் 1905-இல் நிறுவிய அறநிலையம், கல்வியைக் கால அளவால் அளக்கும் வழக்கம் அந்நாடெங்கும் பரவுதற்குக் காரணமாயிற்று. இன்று கிரெடிட் எனப்படும் அலகு அவ்வழக்கத்தின் வழிவந்தது. ஒரு பருவம் முழுதும் வாரத்திற்கு ஒரு மணி நேர வகுப்பும், அதன்பொருட்டு வகுப்பிற்கு வெளியே ஏறத்தாழ இரு மணி நேர உழைப்பும் வேண்டுவது ஒரு கிரெடிட் என்று கொள்க. நான்காண்டுப் பட்டத்திற்குப் பொதுவாக 120 கிரெடிட்டுகள் வேண்டும்; அவற்றுள் பிரதான பாடத்திற்கு உரியன ஒரு பகுதியே.

இவ்வரலாற்றைக் கூறியதன் காரணம் இது. ஒருவர் இரசாயனத்தைப் பிரதானமாகக் கொண்டு, அதனுடன் இசையும் பிரெஞ்சு மொழியும் தேகப் பயிற்சியும் கற்றிருக்கலாம். இவையனைத்திற்குமான சராசரி, அவர் நல்ல மாணாக்கரா என்பதைக் காட்டும். அவர் நல்ல இரசாயன மாணாக்கரா என்பதைக் காட்டாது. இரசாயனத்தில் ஆராய்ச்சிப் பட்டம் அளிக்கும் துறையார் அறிய விழைவது பின்னதையே. பிரதான பாடச் சராசரி கேட்கப்படுவது அதன்பொருட்டேயாம்.

கணக்கிடும் முறை

அமெரிக்கக் கல்லூரிகளிற் பரவலாக வழங்கும் தரப்புள்ளிகள் பின்வருமாறு: ஏ 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0, பி மைனஸ் 2.7, சி பிளஸ் 2.3, சி 2.0, டி 1.0; தேர்ச்சியின்மையைக் குறிக்கும் எஃப் 0. இதுவே எங்கும் உள்ள முறையென்று எண்ணற்க. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஏ என்பதற்கு 5 புள்ளி. வேறு சிலவிடத்து ஏ பிளஸ் என்பதற்கு 4.3 புள்ளி அளிக்கப்படுவதும் உண்டு. ஆகவே தம் கல்லூரி மதிப்பெண் பத்திரத்தின் பின்புறத்தில் அச்சிடப்பட்டுள்ள விளக்கத்தை முதற்கண் படித்தறிதல் வேண்டும்.

விதி ஒன்றே. ஒவ்வொரு பாடத்தின் தரப்புள்ளியையும் அப்பாடத்தின் கிரெடிட்டால் பெருக்குக. பெருக்கி வந்தவற்றைக் கூட்டுக. அக்கூட்டுத்தொகையைக் கிரெடிட்டுகளின் மொத்தத்தால் வகுக்க. வந்த ஈவே சராசரி.

உதாரணமாக, அமெரிக்கக் கல்லூரியொன்றில் இரசாயனத்தைப் பிரதானமாகப் பயின்ற ஒரு மாணவியைக் கற்பனை செய்து கொள்வோம். அவள் பெற்றவை இவை:

பொது இரசாயனம், முதற்பகுதி: 4 கிரெடிட், பி, பெருக்கம் 12.0
பொது இரசாயனம், இரண்டாம் பகுதி: 4 கிரெடிட், பி பிளஸ், பெருக்கம் 13.2
கரிம இரசாயனம், முதற்பகுதி: 4 கிரெடிட், சி பிளஸ், பெருக்கம் 9.2
கரிம இரசாயனம், இரண்டாம் பகுதி: 4 கிரெடிட், ஏ மைனஸ், பெருக்கம் 14.8
பகுப்பு இரசாயனம்: 4 கிரெடிட், ஏ மைனஸ், பெருக்கம் 14.8
பௌதிக இரசாயனம், முதற்பகுதி: 3 கிரெடிட், ஏ, பெருக்கம் 12.0
பௌதிக இரசாயனம், இரண்டாம் பகுதி: 3 கிரெடிட், ஏ மைனஸ், பெருக்கம் 11.1
கனிம இரசாயனம்: 3 கிரெடிட், ஏ, பெருக்கம் 12.0
ஆராய்ச்சி உரையாடல் வகுப்பு: 1 கிரெடிட், ஏ, பெருக்கம் 4.0

கிரெடிட்டுகளின் மொத்தம் 30. பெருக்கங்களின் கூட்டுத்தொகை 103.1. இதனை 30-ஆல் வகுத்தால் 3.436 என வரும். இரு தசமத்தில் எழுதின் 3.44 ஆகும்.

சிலர் கிரெடிட்டைக் கருதாது, ஒன்பது தரப்புள்ளிகளையும் கூட்டி ஒன்பதால் வகுத்து விடுவர். அங்ஙனஞ் செய்தால் 31.7-ஐ 9-ஆல் வகுத்து 3.52 என்று பெறுவர். வாரம் ஒரு மணி நேரமே நிகழ்ந்த உரையாடல் வகுப்பும், நான்கு கிரெடிட் கொண்ட கரிம இரசாயனமும் ஒரே நிறையுடையனவாக எண்ணப்பட்டதே இப்பிழைக்குக் காரணம். பருவந்தோறும் அச்சிடப்பட்ட சராசரிகளைக் கூட்டிப் பருவங்களின் எண்ணால் வகுப்பதும் இவ்வகைப் பிழையேயாம். பருவங்களின் பளு ஒத்திராதபோது அக்கணக்கு உண்மையைக் காட்டாது.

எவை பிரதான பாடங்கள்?

இனி, கடினமான பகுதிக்கு வருவோம். மேலே கூறிய மாணவி, இரசாயனப் பட்டம் பெறுதற்குத் தன் கல்லூரியின் விதிப்படி கணிதத்தில் இரு பாடங்களும் பௌதிகத்தில் இரு பாடங்களும் கட்டாயமாகக் கற்றிருக்கின்றாள். அவை ஒவ்வொன்றும் 4 கிரெடிட். பெற்ற தரங்கள் முறையே பி, பி மைனஸ், பி பிளஸ், பி. அவற்றின் பெருக்கங்கள் 12.0, 10.8, 13.2, 12.0, கூட்டுத்தொகை 48.0. பட்டத்திற்கு வேண்டியன யாவும் பிரதான பாடத்தைச் சார்ந்தனவே என்று கொண்டால், கிரெடிட் 46, பெருக்கம் 151.1, சராசரி 3.28 ஆகின்றது.

மற்றொருவர், முதலாண்டில் எல்லோரும் கற்கும் பொது இரசாயனம் உயர்நிலைப் பாடமன்று எனக் கருதி, அவ்விரண்டையும் விடுத்து, எஞ்சிய இரசாயனப் பாடங்களை மட்டும் எண்ணக்கூடும். அப்போது கிரெடிட் 22, பெருக்கம் 77.9, சராசரி 3.54.

நோக்குக: மாணவி ஒருத்தியே, மதிப்பெண் பத்திரமும் ஒன்றே, கணக்கிற் பிழை யாதுமில்லை. ஆயினும் 3.28, 3.44, 3.54 என மூன்று எண்கள் பிறந்துள்ளன. இவற்றுள் எது மெய்? மூன்றும் மெய்யே, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வினாவிற்கு விடை. எவ்வினாவிற்கு விடையென்று கூறாது, பெரியதாகிய எண்ணை மட்டும் எடுத்து எழுதும்போதுதான் மெய் பொய்யாக மாறுகின்றது.

இவ்விடத்தில் மாணாக்கர் கைக்கொள்ளத்தக்க ஒழுங்கு நான்கு படிகளை உடையது.

முதலாவது, விண்ணப்பத்தைக் கேட்கும் சர்வகலாசாலை தானே வரையறை கூறியிருப்பின் அதுவே முடிவு. சில துறைகள் தம்மால் வேண்டப்படும் பாடங்களைப் பெயர் சுட்டிக் கூறும். சில இறுதி ஈராண்டுப் பாடங்களை மட்டுமே எண்ணச் சொல்லும். அவ்விதி நமக்கு நலந்தருவதாயினும் தாராதாயினும் அதனை மாற்ற நமக்கு உரிமை இல்லை.

இரண்டாவது, சர்வகலாசாலை யாதும் கூறாதவிடத்து, நாம் பட்டம் பெற்ற கல்லூரி தன் விதிநூலில் பிரதான பாடம் எனக் கூறுவது யாதோ அதனைக் கொள்க. கல்லூரியே அச்சராசரியைக் கணக்கிட்டு அளிக்குமாயின், அதனையே எழுதுக.

மூன்றாவது, இவ்விரண்டும் இல்லாதவிடத்து, தம் துறையின் பெயரால் நடத்தப்பட்ட பாடங்கள் அனைத்தையும், முதலாண்டுப் பாடம் உட்பட, நல்லதும் அல்லதுமாகிய தரங்களோடு சேர்த்தெண்ணுக. பிற துறையைச் சார்ந்த கட்டாயப் பாடங்களை விடுத்தல் தகும். எம் மாணவிக்கு இவ்விதிப்படி வரும் எண் 3.44.

நான்காவது, எவ்விதியைக் கொண்டோம் என்பதை ஒரு வாக்கியத்தில் குறிப்பிடுக. "இரசாயனத் துறையில் கற்ற ஒன்பது பாடங்களும், 30 கிரெடிட்டும் இதில் அடங்கும்" என்று எழுதுதற்கு ஒரு வரியே போதும். விண்ணப்பத்தில் அதற்கென இடமில்லையாயின், கூடுதல் விவரம் எழுதும் பகுதியில் எழுதலாம். அவ்வொரு வரியைக் காணும் தேர்வுக் குழுவினர், மதிப்பெண் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவ்வெண்ணைத் தாமே சரிபார்த்தல் கூடும்.

இந்நான்கினுக்கும் அடிப்படையானது ஒன்றுண்டு. விதியை முன்னர் வகுத்து, எண்ணைப் பின்னர்க் காணுதல் வேண்டும். எண்களையெல்லாம் முன்னர்க் கண்டு, அவற்றுள் அழகியதற்கு ஏற்ற விதியைப் பின்னர்த் தேடுதல், அம்பு தைத்த இடத்தைச் சுற்றிப் பின்னர் வட்டம் வரைந்து இலக்கை அடித்தேன் என்பதை ஒக்கும்.

வழுக்குமிடங்கள் சில

தேர்ச்சி, தேர்ச்சியின்மை என்று மட்டும் குறிக்கப்பட்ட பாடங்களுக்குத் தரப்புள்ளி இல்லாமையால், தேர்ச்சி பெற்ற அத்தகைய பாடம் சராசரியிற் சேராது. இடையில் விலகிய பாடங்களும், இன்னும் முடிவுறாத பாடங்களும் அவ்வாறே. வேறு கல்லூரியிற் கற்று மாற்றிக்கொண்ட பாடங்களுக்குப் பெரும்பாலும் கிரெடிட் மட்டுமே ஏற்கப்படும். அவற்றின் தரம், முன்னே கற்ற கல்லூரியின் பத்திரத்தில்தான் காணப்படும். ஆகவே விண்ணப்பத்தில் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியே சராசரி கேட்கப்பட்டால் வியப்படைதல் வேண்டா.

ஒரு பாடத்தில் தவறி, அதனை மீண்டும் கற்றுத் தேறியோர் நிலை சற்றுச் சிக்கலானது. சில கல்லூரிகள் பழைய தரத்தை நீக்கிப் புதியதை மட்டும் எண்ணும். சில இரண்டையும் எண்ணும். கல்லூரி செய்தது எதுவாயினும், விண்ணப்பத்தைப் பெறுவோர் வேறுவகையாக எண்ணுதலும் உண்டு. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் பொது விண்ணப்ப நிலையம், ஒரு பாடத்தை எத்துணை முறை கற்றாலும் அத்துணை முறையும் பெற்ற தரங்களைக் கணக்கிற் கொள்ளுகின்றது. அதுவே உயிரியல், இரசாயனம், பௌதிகம், கணிதம் என்னும் நான்கிற்கும் தனியே ஒரு சராசரி காண்கின்றது. ஒரு பாடம் அந்நான்கினுள் அடங்குமா என்பதற்கு, அதனை நடத்திய துறையின் பெயரை நோக்காது, அதில் கற்பிக்கப்பட்ட பொருளையே நோக்குகின்றது. சட்டக் கல்லூரிகளின் விண்ணப்ப நிலையமோ, ஏ பிளஸ் என்பதற்கு 4.33 புள்ளி அளிக்கின்றது. ஒரே பத்திரத்தை அளக்கும் கோல்கள் இவ்வாறு பலவாதலை அறிந்தோர், தம் எண்ணும் பிறர் கண்ட எண்ணும் சிறிது வேறுபட்டால் கலங்கார்.

பருவத்தின் நீளமும் நோக்கற்பாலது. சில சர்வகலாசாலைகள் ஆண்டை இரு பெரும் பருவங்களாகப் பிரியாது, குவார்ட்டர் எனப்படும் சிறு பருவங்களாகப் பிரிக்கின்றன. மூன்று குவார்ட்டர் கிரெடிட் இரண்டு செமஸ்டர் கிரெடிட்டுக்குச் சமம். இருவகைக் கல்லூரிகளிலும் கற்றவர், அலகை ஒன்றாக்கிய பின்னரே கூட்டல் வேண்டும்.

தசமத்தைச் சுருக்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். 3.436 என்பதை 3.44 என எழுதுதல் முறை, 3.5 என எழுதுதல் முறையன்று. கலிபோர்னியா சர்வகலாசாலை மேற்பட்டப் படிப்பிற்குக் கோரும் கீழெல்லை 3.0 ஆகும். 2.96 பெற்ற ஒருவர் அதனை 3.0 என மாற்றி எழுதினால், அவர் சுருக்கியது தசமத்தை அன்று, தம் மதிப்பையே.

நம் நாட்டு மாணாக்கர் செய்யத்தக்கது

மேலே கூறியவை அமெரிக்கக் கல்லூரிகளிற் பயின்றார்க்கு உரியன. நம் நாட்டிற் பட்டம் பெற்று அங்கே செல்ல விழைவார்க்கு மேலும் ஒரு தடை எதிர்ப்படும். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்பு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருத்தலை நாம் அறிவோம். முதற்பகுதி தமிழ் அல்லது பிறிதொரு மொழி. இரண்டாம் பகுதி ஆங்கிலம். மூன்றாம் பகுதி மேஜரும், அல்லைடு என்று வழங்கும் சார்புப் பாடமும். இவற்றின் பின்வருவன திறன் வளர்க்கும் பாடங்களும் சுற்றுச்சூழற் கல்வியும் பிறவும். ஆகவே மூன்றாம் பகுதியே அமெரிக்கர் கேட்கும் பிரதான பாடத்திற்கு மிக அணித்தானது. ஆயினும் அதனுள் சார்புப் பாடமும் கலந்திருத்தலை மறத்தலாகாது.

ஒரு மாணவர் மேஜர் தாள்களில் 60 கிரெடிட்டுக்கு 474 புள்ளியும், சார்புத் தாள்களில் 20 கிரெடிட்டுக்கு 142 புள்ளியும் பெற்றிருப்பதாகக் கொள்வோம். மேஜர் மட்டும் எனின் சராசரி 7.90, மூன்றாம் பகுதி முழுதும் எனின் 616-ஐ 80-ஆல் வகுக்க 7.70. மேலே அமெரிக்க மாணவிக்கு எழுந்த வினாவே இவர்க்கும் எழுகின்றது. அதற்குக் கூறிய விடையே இதற்கும் விடை. எதனைச் சேர்த்தோம் என்று சொல்லி எழுதினால், இரண்டில் எதுவும் குற்றமன்று.

ஆனால் 7.90 என்பதைப் பத்தில் நாலாகச் சுருக்கி 3.16 என எழுதுதல் பெருங்குற்றமும் பேதைமையுமாம். இரு நாட்டு அளவுகோல்களும் ஒரே கயிற்றின் நீளமும் குறுக்கமும் அல்ல. நம் நாட்டிற் பொதுவாக நூற்றுக்கு 60 பெற்றவர் முதல் வகுப்பினர். 75 பெற்றவர் சிறப்புத் தேர்ச்சியினர். அமெரிக்க வகுப்பறையில் 75 என்பது பொதுவாக சி என்னும் நடுத்தர நிலையைக் குறிக்கும். நம் முதல் வகுப்பினர் தம் 60-ஐ நாலால் பெருக்கி நூறால் வகுத்தால் 2.4 என்னும் எண் வரும். அதனைக் கண்டு, மூன்றினும் குறைந்தேன் என்று மனந்தளர்ந்து, விண்ணப்பமே செய்யாது விடுவார் உளரேல், அவர் தம்மைத் தாமே, எவரும் கேளாத ஒரு கணக்கினால், தள்ளிக்கொண்டவர் ஆவர். இதற்கு நேர்மாறாக, எங்கோ கண்ட பட்டியலைக்கொண்டு தம் எண்ணை 4.0-க்கு அணித்தாக உயர்த்தி எழுதுவார், மதிப்பெண் பத்திரத்தோடு ஒத்துப் பார்க்கப்படும் நாளில் நாணுவர்.

எழுத்துகளும் நம்மை மயக்க வல்லன. பல்கலைக்கழக மானியக் குழு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறியில் ஓ என்பதற்கு 10, ஏ பிளஸ் என்பதற்கு 9, ஏ என்பதற்கு 8, பி பிளஸ் என்பதற்கு 7, பி என்பதற்கு 6 புள்ளி எனக் காண்கின்றோம். அங்கே ஏ என்பது மூன்றாம் படி, 4.0 அளவுகோலில் அதுவே உச்சியில் நிற்பது. எழுத்து ஒன்றாயினும் பொருள் வேறு.

ஆதலின் செய்யத்தக்கது யாதெனில், கணக்கை நம் அளவுகோலிலேயே கணக்கிட்டு, அவ்வளவுகோலையும் உடன் எழுதுதல். "பத்திற்கு 7.90" என்றோ, "நூற்றுக்கு 68" என்றோ எழுதுக. அயல்நாட்டு மதிப்பெண்களை மாற்றாது உள்ளவாறே தருக என்று பல சர்வகலாசாலைகள் வெளிப்படையாகவே அறிவுறுத்துகின்றன. நம் பத்திரங்களைப் படித்துப் பழகியவர் அவர்தம் அலுவலகங்களில் உளர். 4.0 அளவுகோலில்தான் வேண்டும் என்று வற்புறுத்தும் இடங்களில், அதனை மாற்றித் தரும் மதிப்பீட்டு நிலையத்தின் பெயரையும் அவர்களே கூறுவர். வேர்ல்டு எஜுகேஷன் சர்வீசஸ் என்பது அத்தகைய நிலையங்களுள் ஒன்று. பாடந்தோறும் ஆய்ந்து அது தரும் அறிக்கை, நாம் வீட்டிலிருந்து செய்யும் பெருக்கலினும் ஏற்கத்தக்கதாம்.

எண்ணின் அளவும் எல்லையும்

இவ்வளவும் கூறியபின், இவ்வெண்ணுக்கு மிகுந்த பெருமை தருதலும் வேண்டா என்று கூறக் கடமைப்பட்டுள்ளோம். தேர்வுக் குழுவினர் எண்ணோடு நின்றுவிடுவாரல்லர். எந்தப் பாடத்தில் எந்த ஆண்டில் எத்தரம் என்பதை அவர்கள் பத்திரத்தில் காண்கின்றனர். நம் உதாரண மாணவி கரிம இரசாயனத்தின் முதற்பகுதியில் சி பிளஸ் பெற்றாள். இரண்டாம் பகுதியில் ஏ மைனஸ் பெற்றாள். அதன்பின் ஏ மைனஸுக்குக் கீழ் இறங்கவே இல்லை. 3.44 என்னும் எண் இவ்வேற்றத்தைச் சொல்லாது, பத்திரம் சொல்லும். அவளை அறிந்த ஆசிரியர் எழுதும் பரிந்துரைக் கடிதம் அதனினும் தெளிவாகச் சொல்லும். தாழ்ந்த தரம் ஒன்று பத்திரத்தில் இருக்குமாயின், அதனை மறைக்கும் சராசரியைத் தேடுவதினும், அதன்பின் யாது செய்தோம் என்பதை இரு வாக்கியத்தில் எடுத்துரைத்தல் பயன் மிகுதியுடையது.

மற்றும், விண்ணப்பத்தில் எழுதியது உண்மையென்று கையொப்பமிடுகின்றோம். இடம் கிடைத்த பின்னரும் மூலப் பத்திரங்களைக் கல்லூரி நேரே அனுப்ப வேண்டியுள்ளது. வேறுபாடு காணின், அளித்த இடத்தை மீட்டுக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமையுண்டு. தசமத்தின் இரண்டாம் இலக்கத்திற்காக இத்தகைய இடரை ஏற்றல் அறிவுடைமை ஆகாது.

எனவே, விண்ணப்பஞ் செய்யக் கருதும் மாணாக்கர், இறுதியாண்டின் தொடக்கத்திலேயே ஒரு தாளை எடுத்து, தாம் கற்ற பாடங்களையும் அவற்றின் கிரெடிட்டையும் தரத்தையும் வரிசையாக எழுதி, பிரதான பாடங்கள் எவை என்பதைத் துறைத் தலைவரோடு கலந்து குறித்து, அதன்பின் கணக்கிட்டு, அத்தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்வாராக. எந்தச் சர்வகலாசாலை எவ்வகையாகக் கேட்பினும் அத்தாளிலிருந்து விடை கூறல் எளிதாகும். வேறொருவர் அதே தாளைக் கையிற்கொண்டு கணக்கிட்டாலும் அதே எண் வருமாயின், அவ்வெண் சிறியதேயாயினும் அஞ்சாது எழுதலாம்.